கேட் ஆபீஸில் எழுதிய சினாப்சிஸ்

எங்கள் தெருவில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரிக்குள் போய்ப் படித்தவர்களைத்தான் தேட வேண்டும். திருவொற்றியூர் தேரடியைச் சுற்றி எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கதை. மூன்று ஷிப்டு ஓடுகிற ஊரில் காலை பத்து மணிக்கு வகுப்பில் போய் உட்கார யாரால் முடியும்? டயர் கம்பெனி, மோட்டார் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி என்று பதினெட்டு வயதில் உள்ளே போன பையன்கள், கரஸில் பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், லீவு போட்டுப் பரீட்சை எழுதி பி.ஏ., பி.காம். ஆனார்கள். மதுரைப் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே பாடங்களைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அண்ணாமலை 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அந்த வழிக்கு வந்தன. எங்கள் பகுதித் தபால்காரர்கள் சுமந்த கட்டுகளில் மணியார்டரைவிடப் பாடப் புத்தகம்தான் கனம் என்று அப்பா சொல்வார். அவரும் ஒருமுறை பணம் கட்டியவர்தான். அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே பரண்மேல் கிடந்து, எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த காலத்தில் கீழே இறங்கியது.

நானும் அதே தடத்தில் பி.ஏ. வரலாறு முடித்தேன். அடுத்து இக்னோவில் எம்.ஏ. ஊரக வளர்ச்சி. குரூப் ஒன் எழுதி ஊரக வளர்ச்சித் துறையில் உதவி இயக்குநராகப் போய் உட்காரும் கனவு ஒன்று இருந்தது. திருவொற்றியூர்க்காரன் ஊரக வளர்ச்சி படிக்கிறான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். "ஏம்பா, ஏர் உழுவியா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை.

இக்னோ, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம். புத்தகம் என்று ஒன்று வராது. 'பிளாக்' என்று சொல்லும் மெல்லிய பகுதிகளாக, பழுப்பு அட்டையில் பார்சல் வரும். ஒப்படைப்புகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை. இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: கடைசியில் நிற்கும் ஆய்வேடு. அதற்கு முன்னால் சினாப்சிஸ் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கும் முன்னால், வழிகாட்டியை நாமே தேடிப் பிடித்து அவர் கையெழுத்தையும் பயோடேட்டாவையும் வாங்கி இணைக்க வேண்டும். கல்லூரியில் படிப்பவனுக்கு வழிகாட்டி வராண்டாவிலேயே கிடைப்பார். நமக்கோ, பெண் பார்க்கிற மாதிரி யார் யாரையோ பிடித்து, யார் வீட்டுப் படியோ ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்போது நான் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் மணலிக்கும் நடுவிலிருந்த ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். உள்ளே வரும் வண்டி எண், கன்டெய்னர் எண், சீல் எண், நேரம் இவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது வேலை. கன்டெய்னர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள்: நாலு எழுத்து, ஏழு இலக்கம். அந்த ஏழில் கடைசி இலக்கம் பெட்டியைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லாது. முன்னால் உள்ள பத்தும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க மட்டுமே அது. டார்ச் வெளிச்சத்தில் எட்டை மூன்றாகப் படித்துவிட்டால் அந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஆராய்ச்சி முறைகள் பாடத்தில், ஒரே விஷயத்தை வேறு வேறு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்டுப் பதிலைச் சரிபார்ப்பது பற்றி ஒரு பகுதி வந்தபோது, மற்றவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ, எனக்கு அது கன்டெய்னரின் ஏழாவது இலக்கமாகத்தான் புரிந்தது.

இரவு ஷிப்டில் படிக்க நேரம் கிடைக்கும். துறைமுகத்தில் நெரிசல் என்றால் டிரெய்லர்கள் சாலையோரமாக வரிசைகட்டி நின்றுவிடும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார்கள். நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர் என் பிளாக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வறுமைக்கோட்டைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்காங்களே தம்பி, யாரு படிக்கிறது?" என்றார். "நான்தாண்ணே" என்றேன். கொசு மட்டும் இல்லாமலிருந்தால் அதைவிட நல்ல நூலகம் எனக்கு வாய்த்திருக்காது.

2018இல் முதல் சினாப்சிஸை எழுதினேன். தலைப்பைக் கேளுங்கள்: 'வட சென்னைக் கடலோரக் கிராமங்களில் தொழில்மயமாதலின் விளைவுகள், 1875 முதல் 2017 வரை'. பி.ஏ.வில் வரலாறு படித்த கொழுப்பு. 1875இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து தொடங்கினேன். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் தொடங்கிக் கரை அரிபட்டது. பிறகு 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம், தொண்ணூறுகளில் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப்பக்கம் வந்த வட சென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். முடிவாக, 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பாறை இடுக்குகளிலிருந்து அந்தக் கறுப்புக் கூழைப் பக்கெட்டில் மொண்டு கைமாற்றிக் கைமாற்றி ஏற்றியதைக் கிட்ட நின்று பார்த்தவன் நான். கிட்டப் போனால் கண் எரியும். துணியில் பட்டால் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதையெல்லாம் எழுதாமல் வேறு எதை எழுதுவது?

வழிகாட்டி கடைசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் கிடைத்தார். ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் பேராசிரியை. யார்டில் என்னோடு வேலை பார்த்தவரின் தங்கைக்குப் பாடம் எடுத்தவர். திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம் என்பதால் ரயிலில் போய் வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடப்பேன். மாடி வீடு. கூடத்தில் திருத்தாத பரீட்சைத்தாள் கட்டுகள். என் தாள்களை வாங்கிப் பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டே போனார். திரும்பி வந்த பக்கங்களில் வரிக்கு வரி 'தெ' என்று ஓர் எழுத்து. எங்கேயோ ஓரிடத்தில் மட்டும் 'கே'.

"'தெ'ன்னா உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது. 'கே'ன்னா கேள்வி. நீங்களே எண்ணிப் பாருங்க தம்பி" என்றார். எண்ணவே தேவையில்லை. பக்கமெல்லாம் 'தெ'. "இதுல பாதிக்கப்பட்டவங்க இருக்காங்க, காரணம் இருக்கு, யாரு பொறுப்புன்னும் இருக்கு, என்ன செய்யணும்னும் இருக்கு. எல்லாமே தெரிஞ்சுபோச்சுன்னா எதுக்கு ஆராய்ச்சி? இது மனு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல கொடுங்க, நல்ல மனு."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு மனு எழுதுவது தாய்ப்பாலோடு வருகிற வித்தை. தண்ணீர் லாரி வரவில்லை, கரித்தூள் வீட்டுக்குள் விழுகிறது, கடல் சாலையைத் தின்கிறது, லாரி ஏறிச் செத்துப்போனான் என்று மனு எழுதி எழுதியே ரேஷன் கடையும் தூண்டில் வளைவும் வாங்கிய ஜனம். மனுவை மட்டமாக நினைக்க இன்றைக்கும் எனக்கு மனம் வராது. மனுவுக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரியும். பல ஆய்வேடுகளுக்கு அது தெரியாது. ஆனால் மேடம் சொன்னதில் ஒன்றை மறுக்க முடியவில்லை. அந்த சினாப்சிஸை எடுத்துக்கொண்டு நான் களத்துக்குப் போனால், எனக்கு முன்பே தெரிந்ததை அறுபது பேர் வாயால் திரும்பச் சொல்லவைத்து எழுதிக்கொண்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. "இன்னொண்ணு. நீங்க படிக்கிறது ஊரக வளர்ச்சி. எண்ணூர் எப்படி ஊரகம்?"

கத்திவாக்கம் நகராட்சியாக இருந்தது. 2011இல் திருவொற்றியூரோடு சேர்த்துச் சென்னை மாநகராட்சிக்குள் இழுக்கப்பட்டது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆகி, வார்டுகள் 200 ஆனபோது, நாங்கள் மண்டலம் ஒன்று. மாநகரத்தின் முதல் மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரக வளர்ச்சி என்றால் தில்லியில் யார் ஒப்புக்கொள்வார்கள்? டீக்கடைக்காரர் கேட்ட கேள்விதான் இது. மேடம் வாயிலிருந்து வந்ததும் மரியாதை கூடிவிட்டது.

விடுமுறை நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நகராட்சி, மாநகராட்சி என்று அறிவித்துவிட்டால் அது நகரம், மறுபேச்சில்லை. அறிவிக்காத ஊர் நகரமாகக் கணக்கில் வர மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 மக்கள், ஆண் உழைப்பாளிகளில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வேளாண்மை அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். இந்தச் சல்லடையில் எங்கள் குப்பங்கள் எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பதற்கு முன்பே, நகராட்சி என்ற முத்திரை விழுந்துவிட்டது.

அப்புறம்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பைப் பார்த்தேன். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. 2010 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 573 மீனவக் கிராமங்கள் என்று கண்டிருந்தது. அந்தக் கணக்குக்கு நகராட்சி, மாநகராட்சி எதுவும் பொருட்டில்லை. மீன்பிடித்து வாழும் குடியிருப்பு எங்கே இருந்தாலும், சென்னை நகரத்துக்குள்ளேயே இருந்தாலும், அது கிராமம். குப்பத்துக்காரர்கள் பேசுவதும் அப்படித்தானே? "எங்க கிராமத்துல கூட்டம்", "கிராமத்துல முடிவு பண்ணிட்டாங்க, நாளைக்குத் தொழிலுக்குப் போக்கூடாது". ஒரே அரசாங்கத்தின் இரண்டு புத்தகங்களில் ஒன்று நகரம் என்றது, ஒன்று கிராமம் என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதினேன். அதன் ஓரத்தில் மேடம் 'கே' போட்டார்.

அந்தப் பத்தியிலிருந்து வேறொன்று கிளம்பியது. எண்ணூரில் ரயில் ஏறி வடக்கே போனால் அடுத்த ஸ்டேஷன் அத்திப்பட்டு புதுநகர். நடுவில் கொசஸ்தலை. பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போகும்போது இரண்டு பக்கமும் பார்க்கலாம்: சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள், உயர்மின் கோபுரங்கள், அலையாத்திப் புதர்கள், அவற்றுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். ஆற்றுக்குத் தெற்கே மாநகராட்சி. வடக்கே மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிகள், திருவள்ளூர் மாவட்டம். தண்ணீர் ஒன்று, இறால் ஒன்று, விழுகிற சாம்பலும் ஒன்று. வடகரைப் பெண்ணிடம் அப்போது நூறு நாள் வேலை அட்டை இருந்தது. தென்கரைப் பெண்ணிடம் இல்லை. ஏனென்றால் 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே இருந்தது. 2018-19இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 224 ரூபாய். முழுசாக நூறு நாளும் கிடைத்தால் 22,400. மழைக்காலத்தில் வலை காய்ந்து கிடக்கும் வீட்டில் அது சின்னக் காசு இல்லை.

ஏர் உழுவியா என்று கேட்டவருக்குச் சொல்ல எனக்கு இப்போது ஒரு பதில் இருந்தது. அவர்தான் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இடம் கிடைத்தது. கேள்வி இன்னும் வரவில்லை. அது வந்தது என் கேட்டிலிருந்தேதான்.

ஒப்பந்தத் தொழிலாளிகள் உள்ளே போகும்போது கேட் பாஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போட்டோ, ரத்த வகை, கான்ட்ராக்டர் பெயர், செல்லுபடியாகும் தேதி போட்டு லேமினேட் செய்த அட்டை. கேட் ஆபீஸ் சுவரில் ஆணி அடித்த பலகை. ஆணிக்கு ஓர் அட்டை. தென்கரைக் குப்பத்துப் பையன்கள் சிலரின் அட்டை மட்டும் ஓரம் பிரிந்து, உள்ளே உப்புப் பூத்து, போட்டோவில் முகமே வெளிறிப்போயிருக்கும். "இன்னாடா, அட்டைய ஊறப்போட்டு எடுத்துனு வரியா?" என்று ஒருவனைக் கேட்டேன்.

"ஆத்துலேர்ந்து நேரா வரேண்ணா. பாக்கெட்ல இருந்துச்சு. ரெண்டு நாளா இறா நல்லா படுது, வுட்டுட்டு வர மனசு வர்ல."

விடியற்காலை வலை போட்டுவிட்டு ஜெனரல் ஷிப்டுக்கு வருகிறவன் அவன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து தண்ணீர் புரண்டால் என் பலகையில் அந்தக் குப்பத்து ஆணிகள் காலியாகக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை வந்தால் காசிமேட்டு லாஞ்சுக்காரர்கள் லோடு வேலைக்கு வந்து ஆணியெல்லாம் நிரம்பும். வருஷம் முழுக்க அந்தப் பலகை எதிரேதான் உட்கார்ந்து சினாப்சிஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

போகிறபோக்கில் இதைச் சொன்னதும் மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "இதை ஏன் எழுதல?"

"இது கேட்டுல தினமும் பாக்குறதுதானே மேடம்."

"உங்களுக்குப் பதில் தெரியுமா? யாரு முழுசா போயிடுறாங்க, யாரு பாதி போறாங்க, ஒரு வீட்டுல எந்தப் பையனுக்கு அட்டை, எந்தப் பையனுக்கு வலை?"

தெரியாது. எனக்கு மட்டுமில்லை, நான் படித்த எந்த அறிக்கையிலும் இல்லை. சாம்பல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு என்று அளந்திருந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் எத்தனை என்று எண்ணியிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்குள் நடக்கும் பங்கீட்டை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

யார்டின் பதிவேட்டைப் பயன்படுத்தினால் கேள்வியில் பாதிக்குப் பதில் கையிலேயே இருக்கும் என்று ஆசைப்பட்டேன். மேலாளரைக் கேட்டேன். பதிவேடு கேட்டைத் தாண்டாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாஸில் இருக்கும் பெயர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை அல்ல, செக்யூரிட்டிக்காகக் கொடுத்தவை. அதனால் வீடுவீடாகக் கேட்பது என்று முடிவானது.

கரைக்கு ஒரு குப்பம், குப்பத்துக்கு முப்பது வீடு. எந்த முப்பது? ரேஷன் கார்டுப் பட்டியல், வாக்காளர் பட்டியல் எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தலைக்கட்டுப் பட்டியலுக்கு வந்தேன். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் வரி வசூலிக்க மீனவக் கிராமங்களில் கல்யாணமான ஆண்களைத் தலைக்கட்டாக எண்ணி எழுதி வைத்திருப்பார்கள். புதிதாகத் தனிக்குடித்தனம் போனவன்கூட அதில் விடுபடமாட்டான், வரி ஆயிற்றே. அந்த நோட்டைவிட ஒழுங்கான மாதிரிச் சட்டகம் அரசாங்கத்திடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கணவனை இழந்த பெண்கள் நடத்தும் வீடுகள் அதில் விட்டுப்போகும் என்பதால் அவர்களுக்குத் தனிப்பட்டியல் எழுதிச் சேர்த்தேன்.

நோட்டைப் பார்க்கக் கிராமத்துப் பெரியவர்களின் அனுமதி வேண்டும். கோயில் மண்டபத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் கொட்டிய வருஷத்திலிருந்து வந்து போனவர்களைப் பற்றிச் சொன்னார்கள்: மீன்வளத்துறை, வக்கீல், காலேஜ் பிள்ளைகள், டிவி. "எழுதிக்கினு போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்து இதான் எழுதினோம்னு காட்னதில்ல நைனா. நீ மட்டும் இன்னா?" என்றார் ஒருவர்.

"நான் எங்கேயும் போக முடியாது பெரியவரே. உங்க பசங்க தினமும் என் கேட்டுலதான் உள்ளே வராங்க. காட்டலைன்னா அங்கேயே புடிச்சு உதைங்க" என்றேன். சிரித்தார்கள். நோட்டு கைக்கு வந்தது.

எழுதுவது அதன் பிறகு அவ்வளவு பெரிய வேலையாக இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பதால், தமிழில் யோசித்து, தேரடி பிரௌசிங் சென்டரில் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழே வரிசையாக 'ஆராய்வது', 'ஆராய்வது' என்று போட்டிருந்ததை மேடம் மொத்தமாக அடித்துவிட்டு, எதை எதோடு ஒப்பிடப்போகிறாய் என்று மட்டும் எழுதச் சொன்னார். ஏழு நோக்கம் மூன்றாகச் சுருங்கியது. 1875 ஒரே வாக்கியமாகச் சுருங்கி முன்னுரையில் போய் ஒடுங்கியது. எண்ணெய்க் கசிவுக்கு இரண்டு வரி. கருதுகோள் இதுதான்: பெண்களுக்கு நூறு நாள் கூலி வரும் வடகரை வீடுகளில் ஆண்கள் மீன்பிடியை விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்குப் போவது தென்கரையைவிடக் குறைவாக இருக்கும். தலைப்பு, 'எண்ணூர் கழிமுகத்தின் இரு கரைகளில் மீனவக் குடும்பங்களின் தொழில் மாற்றம்'. கையெழுத்து, பயோடேட்டா, உறை. தில்லி மைதான் கடிக்கு ஸ்பீடு போஸ்ட். ஒப்புதல் வந்த அன்று அப்பா அந்தக் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

களத்துக்குப் போகும் முன் கேள்விப் பட்டியலை நாலைந்து வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. வடகரையில் ஒரு வீடு. மூன்று மகன்களைப் பெற்ற அம்மா, வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கேட்க, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். 'உங்கள் வீட்டில் மீன்பிடித் தொழிலை விட்டவர் யார்? எந்த ஆண்டு? என்ன காரணம்?' என்ற கேள்விக்கு வந்தேன்.

"வுட்டவங்க யாரும் இல்லயே."

"சின்னவர் கம்பெனிக்குப் போறாருன்னீங்களே?"

"போறான். அவன் சம்பளத்துலதான் இந்த வல. பெரியவனுக்கு வாங்கிக் குடுத்தான். போன மழையில அடிச்சினு போச்சே, அதுக்குப் பதிலு. ஆத்துல வர்றதுல அவனுக்கு ஒரு பங்கு உண்டு." பிறகு முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்து, "கம்பெனிக்கு போவலைன்னா தொழில வுட்டிருப்போம் நைனா" என்றார்.

என் கேள்விப் பட்டியலில் அந்தப் பதிலை எழுதக் கட்டமே இல்லை. தொழிலை விட்டவர், விடாதவர் என்று இரண்டு கட்டம்தான் போட்டிருந்தேன். அடுத்த வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை. அங்கே வாங்கியது வலை இல்லை, படகு இன்ஜின். மூன்றாவது வீட்டில் நூறு நாள் கூலியையும் மகனின் சம்பளத்தையும் சேர்த்துச் சீட்டுக் கட்டி, எடுத்த பணத்தில் ஃபைபர் படகில் பங்கு வாங்கியிருந்தார்கள். தென்கரையில் இப்படி இருக்குமா, அங்கே சீட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று ரயில் ஏறும்போதே கேள்விகள் முளைக்க ஆரம்பித்துவிட்டன. அன்றைய இரவு ஷிப்டில் பழைய கேள்வியை அடித்துவிட்டு, வீட்டிலுள்ள வலைகள், படகு, இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டு, எப்போது வாங்கியது, யார் சம்பாதித்த காசு, வருகிற வரும்படியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அட்டவணை கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடத்திடம் கொண்டுபோனேன். அட்டவணையைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார்.

"தொழில் மாற்றம்னு தலைப்பு. மாற்றமே இல்லங்கிறாங்களே உங்க ஆளுங்க."

"தலைப்பை மாத்திடலாமா மேடம்?"

"மாத்தினா மறுபடியும் தில்லிக்கு அனுப்பி, மறுபடியும் ஒப்புதல் வாங்கணும். டிசம்பர் போயிடும்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து, பரீட்சைத்தாள் கட்டுக்கு நடுவில் எங்கேயோ வைத்த காபி டம்ளரைத் தேடினார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும் தம்பி. முதல் அத்தியாயத்திலேயே அதோட சண்டையை ஆரம்பிச்சிடுங்க."